ஜனவரியில் வரும் கம்மிய குரல்கள்

கேரள-தமிழ்நாடு எல்லையிலுள்ள பாறசாலையில் பேச்சு, செவித்திறன் சிகிச்சை பார்க்கிறேன். ஜனவரி பிறந்தால் எல்லைக்கு இரு பக்கமும் உள்ள கிறிஸ்தவ சபைகளின் கொயர்காரர்கள், அதாவது பாடகர் குழுவினர், வரத் தொடங்குவார்கள். டிசம்பர் முழுக்க ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ், அப்புறம் கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆராதனைகள். தொண்டை என்ன செய்யும்?

"சாரே, சத்தமே எழும்ப மாட்டேங்குது" என்று வந்தார் ஒரு டீச்சர். பகலில் வகுப்பு, மாலையில் பாட்டுப் பயிற்சி. கம்மல் தொடங்கி ஒரு மாதம். சுக்குக் காப்பி குடம் குடமாய்க் குடித்திருந்தார். இதமாக இருக்கும், சரி. ஆனால் விழுங்குவது உணவுக்குழாய்க்குத்தான் போகும். குரல்நாண்கள் மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கின்றன. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன். நாண்களில் சிறு முடிச்சுகள். மூன்று வாரம் தாண்டிய கம்மலை யாரும் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. இவருக்கு நல்லகாலம், பெரும்பாலும் குரல் ஓய்விலும் பயிற்சியிலும் சரியாகிற வகை.

"பாடும்போது உங்க சத்தம் உங்களுக்குக் கேட்குமா?" என்றேன். கேட்காதாம். பின்னால் டிரம்ஸ், முன்னால் பாடுகிறவருக்கே அவர் குரலைக் கேட்கவைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் இல்லை. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம். 1911-இல் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் சொன்னது இது. டீச்சர் பக்தி மிகுதியில் கத்தவில்லை, தன் குரல் தனக்கே கேட்காமல் கத்தினார்.

காதுக்கும் கணக்கு உண்டு. 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94-இல் 1 மணி நேரம், 100-இல் வெறும் 15 நிமிடம். கூரையில் ஓடும் தரையில் டைல்ஸும் போட்ட சிறிய ஆலயத்தில் டிரம்ஸும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் சேர்ந்தால் 100 ஒன்றும் தூரமில்லை. கீபோர்டு வாசிக்கும் தம்பி ஒருவன், ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனபிறகும் காதுக்குள் சில்வண்டு இரைவதாகச் சொன்னான். உட்காதில் செத்த மயிர்ச்செல் திரும்ப முளைக்காது என்று சொன்னதும் முகம் மாறியது.

இதைவிட எனக்குக் குறை வேறு. கொயர் இருப்பது சபையைப் பாட வைக்க. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) வழி வந்த கீர்த்தனைகளில் பல்லவி சுற்றிச் சுற்றி வரும். புத்தகம் பார்க்க முடியாத பாட்டியும் இரண்டாம் முறை சேர்ந்துகொள்வார். 1956-இல் எல்லை பிரிந்த பிறகும் இங்குள்ள தமிழ் வீடுகளில் அந்தப் பாட்டு நிற்கவில்லை. இப்போது ஆலயத்தில் பாட்டி வாயைத் திறந்து மூடுகிறார், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்பதில்லை. பாடிக்கொண்டிருக்கும்போது அடுத்தவர் குரல் உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் ஸ்பீக்கரைக் குறைக்கச் சொல்லுங்கள். மீட்டர் எதுவும் வேண்டாம்.

ஸ்கேலும், அதாவது பாட்டை எடுக்கும் சுருதியும், கவனிக்க வேண்டியது. ஒலிப்பதிவில் கேட்ட உயரத்திலேயே எடுத்தால் சரணத்தில் பாதிப்பேர் நின்றுவிடுவார்கள். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன் எதற்கு இருக்கிறது?

டீச்சர் இரண்டு மாதம் பயிற்சிக்கு வந்தார். டிரம்ஸை மூலைக்குத் தள்ளி, மானிட்டர் ஒன்று வாங்கி, பாட்டை இரண்டு சுரம் இறக்கிவிட்டார்களாம். "கீபோர்டு தம்பிக்குத்தான் வருத்தம் சாரே, இது கிழவிகள் ஸ்கேல்னு சொல்றான்" என்றார், தெளிந்த குரலில்.