குங்குமப்பூக் கிழங்கு வாங்குமுன் கேசரத்தை எண்ணுங்கள்

மட்டக்களப்பில் குங்குமப்பூ வராது. காத்தான்குடியிலும் வராது, கல்முனையிலும் வராது, படுவான்கரையில் எவ்வளவு நல்ல மண் கிடந்தாலும் வராது. விவசாயப் போதனாசிரியராக வேலை செய்யும் என்னிடம் அண்மைக் காலமாக நெல்லைப் பற்றிக் கேட்பதற்கு நிகராக இதைப் பற்றியும் கேட்கிறார்கள். முகநூலில் ஊதாப் பூ ஒன்றின் படம், அதன் கீழே ஒரு விலை, “வீட்டு வளவிலேயே இலட்சங்கள்” என்று ஒரு வரி. அதை அப்படியே வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிவிட்டு, “சேர், மாரிக்கு முதல் நட்டால் சரியா?” என்று கேட்பார்கள்.

குங்குமப்பூச் செடி குரோக்கஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது; அதில் கன வகை உண்டு. பல வசந்த காலத்தில் பூக்கும். சில இலையுதிர் காலத்தில் பூக்கும். புரியாணிக்குப் போடும் உண்மையான குங்குமப்பூவைத் தரும் குரோக்கஸ் சட்டைவஸ் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது. காஷ்மீரின் பாம்பூர் வயல்களில் அது ஒக்டோபர் கடைசியிலும் நவம்பர் முற்பாதியிலும் பூக்கிறது. கோடையில் இலை எதுவும் இல்லாமல் கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். சும்மா கிடப்பதாக நினைக்க வேண்டாம். 23 முதல் 27 பாகை செல்சியஸ் வரையான சூட்டில்தான் கிழங்குக்குள்ளே பூமொட்டு உருவாகிறது. இதுவரைக்கும் நம் ஊர் அதற்குத் தோதுதான். ஆனால் அந்த மொட்டு மண்ணை விட்டு வெளியே வர, சூடு 17 பாகை அளவுக்கு இறங்க வேண்டும். மட்டக்களப்பில் தை மாத விடியலில்கூட 20 பாகைக்குக் கீழே போவது அரிது. அதோடு, பூக்க வேண்டிய அந்த ஒக்டோபர், நவம்பரில்தான் நமக்கு மாரி மழை தொடங்குகிறது. தண்ணீர் தேங்கினால் குரோக்கஸ் கிழங்கு அழுகிவிடும். மாரிக்கு முதல் நடுவது என்றால் அழுகுவதற்காகவே நடுவதுதான்.

குளிரறையில் வளர்க்கலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வளர்க்கலாம். இந்தியாவில் அறைக்குள் தட்டுகளில் அடுக்கி, மண்ணே இல்லாமல் பூக்க வைக்கிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். காய்ந்த குங்குமப்பூ ஒரு கிராம் கிடைக்க ஏறத்தாழ 150 பூக்கள் வேண்டும். நன்கு பருத்த கிழங்கு இரண்டு மூன்று பூத் தரும். சிறியது ஒன்று தரும், அல்லது ஒன்றுமே தராது. பூத்து முடிந்தபின் தாய்க்கிழங்கு சுருங்கிப் போகும். அதன் மேல் பிள்ளைக்கிழங்குகள் திரள, பல மாதம் இலை பச்சையாக நின்று வெளிச்சமும் குளிரும் பெற வேண்டும். அந்த மாதங்களுக்கான மின்கட்டணத்தை விளம்பரக்காரர் சொல்வதில்லை. அடுத்த வருடக் கிழங்கு மெலிந்து போய், புதிதாக வாங்கச் சொல்லித் திரும்பவும் அவரிடமே போக வேண்டியிருக்கும்.

இதைவிட மோசமானது குங்குமப்பூ “விதை” விற்பது. குரோக்கஸ் சட்டைவஸ் விதையே வைக்காது. அதற்கு மூன்று தொகுதி நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்), மொத்தம் 24. சோடி சேர முடியாமல் மலடாகிப்போன செடி அது; உலகம் முழுக்கக் கிழங்கிலிருந்து கிழங்காகத்தான் மனிதர் கையால் பெருகி வந்திருக்கிறது. ஆகவே பைக்கற்றில் விதை இருந்தால் அது வேறு ஏதோ ஒன்று. அதிகம் ஆராயத் தேவையில்லை, வாங்காதீர்கள்.

படத்தில் உள்ள பூவுக்கு வருகிறேன். எனக்கு அனுப்பப்படும் படங்களில் சில உண்மையில் குரோக்கஸே அல்ல. கொல்ச்சிகம் ஓட்டம்னேல் என்று ஐரோப்பியப் புல்வெளிச் செடி ஒன்று உண்டு. அதுவும் இலையுதிர் காலத்தில் இளஊதாக் கிண்ணம் போலத் தரையிலிருந்து நேரே எழும். ஆங்கிலத்தில் அதையும் “ஓட்டம் குரோக்கஸ்” என்றுதான் விற்கிறார்கள். பார்வைக்கு அக்கா தங்கை. குடும்பமோ வேறு வேறு. கொல்ச்சிகம் கொடிய நஞ்சு.

பிரித்தறிவது கடினமல்ல. பூவுக்குள்ளே பார்த்துக் கேசரத்தை, அதாவது மகரந்தம் தாங்கும் ஆண் இழைகளை, எண்ணுங்கள். குரோக்கஸ் என்றால் மூன்று, கொல்ச்சிகம் என்றால் ஆறு. இந்த ஒரு அடையாளம் போதும், மற்றவை துணைக்குத்தான். குரோக்கஸ் இலை புல்லைப் போல ஒடுங்கியது, நடுவில் வெள்ளிக் கோடு ஓடும். கொல்ச்சிகத்தின் இலை அகலமானது, பூவோடு வராமல் வசந்தத்தில்தான் வரும். ஐரோப்பாவில் அந்த இலையைக் காட்டு உள்ளி என்று நினைத்துச் சமைத்துச் செத்தவர்கள் இருக்கிறார்கள். பூக்கும்போது இலை இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்: குரோக்கஸ் ஸ்பெசியோசஸ், குரோக்கஸ் நூடிஃப்ளோரஸ் போன்ற இலையுதிர் கால வகைகளும் இலைக்கு முன்னரே பூக்கும். கிழங்கைப் பார்த்தால், குரோக்கஸ் சிறியது, தட்டையானது, நார் மூடியது. கொல்ச்சிகம் பெரியது, ஒருபக்கம் கோணியது, கபிலத் தோல் போர்த்தியது.

உண்மையான குங்குமப்பூவில் இன்னொன்றும் கவனியுங்கள். பூவின் நடுவே செந்நிறக் குறிகள் (மகரந்தம் ஏற்கும் பெண் இழைகள்) மூன்று, இதழை மீறி வெளியே சரிந்து நிற்கும். நாம் காசு கொடுத்து வாங்குவது அந்த மூன்று இழையைத்தான். மற்ற இலையுதிர் கால குரோக்கஸ் வகைகளில் பெரும்பாலும் செம்மஞ்சள் நிறத்தில் கிளைத்த தம்பம் (குறியைத் தாங்கும் தண்டு) இருக்கும். அழகுக்கு நல்லது, சமையலுக்கு உதவாது. (கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால் கொடுத்தால் பிள்ளை வெள்ளையாகப் பிறக்கும் என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் இல்லை. அந்தக் காசுக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள்.)

கிழங்கு வெளிநாட்டிலிருந்து வருவதாக விற்பவர் சொன்னால், இறக்குமதி அனுமதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நடுகைப் பொருட்களைச் சோதிக்கக் கட்டுநாயக்காவில் தாவரத் தொற்றுத்தடைச் சேவை இருக்கிறது. தபால் பொதியில் ஒளித்து வரும் கிழங்கோடு என்ன பூஞ்சணம், என்ன வட்டப்புழு வருமென்று யாருக்குத் தெரியும்?

கொல்ச்சிகம் ஐரோப்பாவில்தானே, நமக்கென்ன என்று கேட்கலாம். அதன் உறவுக்காரி நம் வேலியில் படர்ந்திருக்கிறாள். கார்த்திகைப் பூ, சிங்களத்தில் நியங்கலா, தாவரவியலில் குளோரியோசா சுபர்பா. கொல்ச்சிகம் இருக்கும் அதே குடும்பம், அதே ஆறு கேசரம், அதே கொல்ச்சிசின் நஞ்சு. 1820இல் பிரான்சில் பெல்லெத்தியே, கவந்து என்ற இரு இரசாயனவியலாளர்கள் கொல்ச்சிகத்திலிருந்து முதலில் பிரித்தெடுத்த அந்தப் பொருள்தான் இன்று கௌட் என்னும் மூட்டுவாதத்துக்கு அரை மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுக்கப்படுகிறது. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. கலம் பிரிவதைத் தடுப்பதுதான் அதன் வேலை. விதையில்லாத வத்தகப்பழத்தை உருவாக்கியதும் கொல்ச்சிசினின் இந்தக் குணத்தை வைத்துத்தான். பயிர் விருத்தியாளர் கையில் அது கருவி. வயிற்றுக்குள் போனால் குடல், என்பு மச்சை, மயிர் என்று வேகமாகக் கலம் பிரியும் இடங்களையெல்லாம் தாக்கும்.

வாகரை, பொத்துவில் பக்கங்களில் மழைக்குப் பின் காணி துப்புரவாக்கும்போது இந்தக் கிழங்கு மண்வெட்டியில் அகப்படும். ஒரு அம்மா சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்து, “என்ன கிழங்கு மகன் இது? வத்தாளை மாதிரிக் கிடக்கு, அவிச்சுத் திங்கலாமா?” என்று கேட்டார். கேட்டது நல்லதாய்ப் போயிற்று. இலங்கையில் வத்தாளை என்று நம்பி இதை அவித்துத் தின்றவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள், சிலர் இறந்தும் இருக்கிறார்கள். அவிப்பதால் நஞ்சு போகாது.

கார்த்திகைக் கிழங்கு பெரும்பாலும் இரண்டு கையாக, கலப்பை போலக் கோணி இருக்கும். ஒவ்வொரு கை நுனியிலும் ஒரு முளை. வத்தாளையை வெட்டினால் பால் கசியும், இதில் கசியாது. மேலே கொடி நின்றால் இலை நுனியைப் பாருங்கள்: சுருண்டு பற்றிப் பிடிக்கும் தந்து அங்கே இருக்கும். வத்தாளைக்கு அது கிடையாது. கொடி காய்ந்தபின் கிழங்கு மட்டும் கிடைத்தால், சந்தேகம் என்றாலே தின்ன வேண்டாம்.

தமிழ்நாட்டில் தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் இதையே விதைக்காகப் பயிரிட்டு, பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள் என்று யூடியூப் பார்த்துவிட்டு வருவோரும் உண்டு. அது உண்மை. ஆனால் அங்கே வாங்குவதற்குக் கம்பனி இருக்கிறது. இங்கே கொள்வனவாளரைக் கண்டுபிடிக்காமல், பிள்ளைகள் விளையாடும் வளவில் நட்டு வைப்பதற்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன். வேலியில் தானாக நிற்பதை வெட்டி அழிக்கவும் சொல்லவில்லை. பூவைப் பார்ப்பதால் ஒரு கேடும் இல்லை.

யாரும் தவறித் தின்றுவிட்டால் நேரத்தைக் கவனிக்க வேண்டும். முதல் சில மணித்தியாலங்கள் ஒன்றும் தெரியாமல் போகலாம். பிறகு வாந்தி, தண்ணீராக வயிற்றோட்டம், வயிற்று வலி. கெட்ட சாப்பாடு என்று நினைத்து வீட்டிலேயே கோத்தமல்லி அவித்துக் குடிக்க வைத்தால், அடுத்த நாட்களில் இரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் பழுதாகும், இரத்த அணுக்கள் குறையும். பிழைப்பவர்களுக்கும் இரண்டு மூன்று கிழமையில் தலைமயிர் கொட்டுவதுண்டு. கைக்கெட்டிய முறிமருந்து இல்லாததால், முந்திப் போவதுதான் சிகிச்சையில் பாதி. உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காமல், வாந்தி வரும்வரை பார்த்திருக்காமல், 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். மிச்சக் கிழங்கையும், கிடைத்தால் இலையோடு கொடியில் ஒரு துண்டையும் பையில் போட்டுக் கூடவே கொண்டு போங்கள். வைத்தியர் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையத்தோடு கதைக்கும்போது, “ஏதோ கிழங்கு” என்பதைவிட அது உதவும்.