ஒட்டகத்தைப் பார்த்துச் சிரித்தோம், 15 சதவீதத்தைக் கோட்டைவிட்டோம்

ஒட்டகம் வளர்க்கவும் அரசு மானியம் என்று செய்தி வந்த நாளில் தேன்கனிக்கோட்டை டீக்கடையில் ஒரே சிரிப்பு. "திருவிழாவுக்குச் சவாரிக்கு வர்றதைத் தவிர நம்ம பக்கம் ஒட்டகம் எங்கய்யா இருக்கு?" நானும் சேர்ந்துதான் சிரித்தேன். 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கத்தில் செய்த அதே மாற்றத்தில்தான், கால்நடைக் காப்பீட்டில் 20, 30, 40, 50 சதவீதம் என்று ஆளுக்கொரு விதமாக இருந்த விவசாயியின் பிரீமியப் பங்கு எல்லோருக்கும் 15 சதவீதமானது. முழு பிரீமியம் 1,000 ரூபாய் என்றால் நம் கையிலிருந்து 150; மிச்சம் மத்திய, மாநில அரசுகளுடையது. அந்த வரியை யாரும் படிக்கவில்லை.

ஒட்டகம் ஏன் மானியப் பட்டியலில் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1977-ல் நாட்டில் சுமார் 11 லட்சம் ஒட்டகம் இருந்தது. ஆயிரம் கால்நடைக்கு மூன்று. 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சம். பத்தாயிரத்துக்கு ஐந்துகூடத் தேறாது. டிராக்டரும் ஜீப்பும் வந்து வண்டி ஒட்டகத்துக்கு வேலை போனது, ராஜஸ்தானில் மேய்ச்சல் நிலம் சுருங்கியது. நம்மூரில் எருமைக்கும் ஏறக்குறைய அதே கதி: 2012-ல் தமிழ்நாட்டில் 7.8 லட்சம், ஏழே வருடத்தில் 5.2 லட்சம். அழிந்துகொண்டிருப்பதைக் காப்பாற்ற வந்த மாற்றத்தில், அழியாத மாட்டுக்கும் ஆட்டுக்கும் பலன் கிடைத்தது.

இனி ஏமாறும் இடங்கள்.

முதல் இடம் மாட்டின் காதிலேயே இருக்கிறது. கோமாரித் தடுப்பூசி போடும்போது 12 இலக்க எண்ணோடு மஞ்சள் காதுவில்லை மாட்டுகிறார்களே, அது மாட்டுக்கு அடையாள அட்டை மாதிரி. காப்பீடு அல்ல. வில்லை இருந்தாலே இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நினைப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் வயிறு எரியும். பணம் கட்டி, அந்த வில்லை எண் எழுதிய பாலிசித் தாள் கைக்கு வந்தால்தான் காப்பீடு.

அஞ்செட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. கறவை மாடு சனிக்கிழமை ராத்திரி செத்தது. பாலிசி இருந்தது, பிரீமியம் கட்டிய ரசீதும் இருந்தது. ஞாயிறு ஆஸ்பத்திரி பூட்டியிருக்கும், நாற்றம் வந்துவிடும் என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு விடிகாலையிலேயே குழி வெட்டிப் புதைத்துவிட்டார்கள். வில்லையும் மாட்டோடு போனது. திங்கட்கிழமை தாளை எடுத்துக்கொண்டு போனால், "பிரேதப் பரிசோதனை எங்கம்மா? வில்லை எங்கம்மா?" அதற்கப்புறம் நான்கு மாதம் அலைந்தார். பஸ் செலவுதான் மிச்சம். பாலிசி கொடுத்த அன்று இந்த இரண்டு விஷயத்தையும் வாயால் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

மாடு செத்தால் முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல். 24 மணி நேரம் தாண்ட விடாதீர்கள். பிறகு கால்நடை மருத்துவர். அவர் வந்து அறுத்துப் பார்த்துச் சான்று எழுதும்வரை புதைக்கக் கூடாது, காதைத் தொடவும் கூடாது. வில்லையைக் கழற்றி ஒப்படைத்ததற்கும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மாடு உயிரோடு இருக்கும்போதே வில்லை வேலியில் சிக்கி அறுந்து விழுவதும் உண்டு. உடனே புது வில்லை போட்டு, புது எண்ணைப் பாலிசியில் எழுத வையுங்கள். எண் மாறினால் அது வேறு மாடு என்பார்கள். உங்கள் செவலையை ஊருக்கே தெரிந்திருந்தாலும்.

பெயர்க் குழப்பம் அடுத்தது. பாலிசி கணவர் பெயரில், பாஸ்புக் மனைவி பெயரில், ஆதாரில் இனிஷியல் வேறு. சேரும்போது யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், பணம் கேட்கும்போதுதான் கண்டுபிடிப்பார்கள். குந்தாரப்பள்ளி சந்தையில் காப்பீட்டோடு மாடு வாங்கினால் பாலிசித் தாளையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயருக்கு மாற்றும்வரை அது விற்றவருடைய மாடுதான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இன்னொன்று: பல பாலிசிகளில் முதல் 15 நாளுக்குள் நோயில் செத்தால் பணம் கிடையாது. காய்ச்சல் கண்ட பிறகு ஓடிப்போய்ச் சேருவதில் பயனில்லை.

சேரப் போனாலே "இந்த வருஷ இலக்கு முடிஞ்சுபோச்சு" என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. நிதி வரும்போது கொஞ்சம் பேருக்குத்தான் என்பது உண்மை. அதனால் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், தடுப்பூசி முகாம் நடக்கும்போதெல்லாம் கேளுங்கள். ஆடு வைத்திருப்பவர்கள் "மாட்டுக்கு மட்டும்தான்" என்ற பதிலோடு திரும்ப வேண்டாம். திட்டத்தின் தலைக்கணக்கில் பத்து ஆடு ஒரு மாட்டுக்குச் சமம். மதிப்பு போடும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். எழுபதாயிரம் ரூபாய் மாட்டுக்கு முப்பதாயிரம் எழுதினால், முப்பதுக்குத்தான் பணம் வரும்.

இழப்பீடு கேட்க விதிமுறை சொல்லும் தாள்கள் நான்கே: தகவல் கொடுத்ததற்கான ஆதாரம், பாலிசி, கோரிக்கைப் படிவம், பிரேதப் பரிசோதனை அறிக்கை. இவை சேர்ந்து 15 நாளில் பணம் தர வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் சான்று கொண்டு வா, கவுன்சிலர் கையெழுத்து கொண்டு வா என்றால், எந்த விதியில் இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிக் கெடுபிடி அங்கேயே அடங்கிவிடும்.

இடி விழுந்தோ வெள்ளத்திலோ செத்தால் பாதை வேறு, அலுவலகமும் வேறு. அது வருவாய்த் துறை: தாசில்தார் வழியாகப் பேரிடர் நிவாரணம், காப்பீடே இல்லாவிட்டாலும். 2022–26 விதிப்படி கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 ரூபாய். (கறவை ஒட்டகத்துக்கும் அதே 37,500தான்.) இங்கும் பிரேதப் பரிசோதனை இல்லாமல் நகராது. சிறுத்தையோ யானையோ அடித்தால் வனத்துறை. கால்நடை ஆஸ்பத்திரியில் தாசில்தாரிடம் போ என்பார்கள், அங்கே ஆஸ்பத்திரிக்குப் போ என்பார்கள். எப்படிச் செத்தது என்பதை மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிட்டால் ஒரு நடையாவது மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை செத்தால்? மாட்டை நிழலுக்கு இழுத்து ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். வில்லை எண் தெரிகிற மாதிரி இரண்டு போட்டோ எடுங்கள். பாலிசியில் இருக்கும் எண்ணுக்கு அடியுங்கள். எடுக்காவிட்டால் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, அடித்த நேரம் தெரிகிற போன் திரையையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.