தட்டில் வைத்த போன் ஏன் சுடுகிறது?

ராத்திரி வயர்லெஸ் சார்ஜர் தட்டில் போனை வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் 41 சதவீதம்தான். போனின் முதுகோ அப்போதுதான் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது. தூக்கக் கலக்கத்தில் ஒரு விரல் அகலம் தள்ளி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

தட்டுக்குள் ஒரு செம்புக் கம்பிச் சுருள், போனின் கண்ணாடி முதுகுக்கு உள்ளே இன்னொன்று. தட்டுச் சுருளில் ஓடும் மின்னோட்டம் நொடிக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் திசை மாறுகிறது. அதனால் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம், எதிரே உள்ள சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. 1831-ல் ஃபாரடே கண்ட சங்கதி. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும் இதைத்தான் செய்கிறது. ஆனால் அங்கே இரண்டு சுருளையும் ஒரே இரும்பு உள்ளகம் பிணைத்திருக்கும். காந்தப்புலம் வெளியே அதிகம் கசியாது. இங்கே நடுவில் பிளாஸ்டிக், கண்ணாடி, நாம் மாட்டிய கவர் என்று சில மில்லிமீட்டர் இடைவெளி.

கசிந்த காந்தப்புலம் மொத்தமும் ஒழுகிய தண்ணீர் போல வீண் என்று நினைக்க வேண்டாம். பெரும்பகுதி தட்டுச் சுருளுக்கே திரும்பிவிடும். இழப்பு வேறு வழியில் வருகிறது. சுருள்கள் விலகி, போதுமான மின்சாரம் வராதபோது போன், "இன்னும் கொடு" என்று தட்டுக்குச் சமிக்ஞை அனுப்பும். தட்டு தன் சுருளில் மின்னோட்டத்தைக் கூட்டும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் எழும் சூடு நான்கு மடங்கு. புலத்தில் சிக்கும் உலோகப் பாகங்களில் சுழல் மின்னோட்டம் ஓடி, அவையும் சூடேறும்.

சுருள் சரியாகவே உட்கார்ந்தாலும் செலவு உண்டு. கேபிளில் என்றால், சுவரிலிருந்து வரும், திசை மாறிக்கொண்டே இருக்கும் ஏசி மின்சாரத்தை அடாப்டர் ஒரே திசையில் ஓடும் டிசியாக்கும், அது நேரே போனுக்குப் போகும். தட்டோ அந்த டிசியை மறுபடி ஏசியாக்கும். போன் அதை மறுபடி டிசியாக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் கழியும். 2020-ல் பிக்சல் 4 போனை வைத்து ஒரு பத்திரிகையாளர் அளந்தபோது, முழு சார்ஜுக்குக் கேபிளில் சுமார் 14 வாட்-மணி ஆனது, வயர்லெஸ்ஸில் சராசரியாக 21.

அந்த 7 வாட்-மணி தினமும் போனாலும் வருஷத்துக்கு இரண்டரை யூனிட்தான். பழைய 75 வாட் சீலிங் ஃபேன் ஒன்றரை நாளில் தின்றுவிடும். மின் கட்டணத்தை நினைத்துப் பயப்பட ஒன்றுமில்லை. எனக்கு உறுத்துவது, அந்தச் சூட்டில் ஒரு பங்கு பேட்டரியின் முதுகிலேயே இறங்குவதுதான். லித்தியம் அயனி பேட்டரிக்குச் சூடு ஆகாது; உள்ளே வேண்டாத ரசாயன வினைகள் வேகம் பிடித்து, கொள்ளளவு சீக்கிரம் குறையும். அதற்குப் பயந்துதான் போன் சூடானதும் தானே சார்ஜ் வேகத்தைக் குறைக்கிறது. அந்த 41-க்குக் காரணமும் இதுவாகத்தான் இருக்கும்.

2023-ல் வந்த சீ2 (Qi2) என்ற வயர்லெஸ் சார்ஜிங் தரத்தில் காந்த வளையம் வைத்து, சுருளுக்கு நேராகச் சுருளைப் பிடித்து உட்கார வைக்கிறார்கள். தூக்கக் கலக்கத்துக்கு அது மருந்து; இரண்டு தடவை ஏசி-டிசி மாறுவதற்கு இல்லை.