மழைக்கு ஏன் காசு கட்டுகிறோம்?

கனடாவில், ரொறன்ரோவை அடுத்த மிசிசாகா நகரில் வீடு வாங்கிய நம்மவர்கள் தண்ணீர் பில்லைக் காட்டி என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "குழாய்த் தண்ணிக்குக் கட்டுறோம், சரி. மழைக்கு ஏன் காசு?" மழைநீர் வடிகாலமைப்பில் வேலை செய்கிறவன் என்பதால் இதற்கு விரிவாகவே பதில் சொல்வேன்.

உங்கள் கூரையிலும் டிரைவ்வேயிலும் விழும் மழை நிலத்துக்குள் இறங்க வழியில்லாமல் தெருவுக்கு ஓடுகிறது. அதை வாங்கிக்கொள்ளும் குழாய்கள், தேக்கக் குளங்கள், ஓடைக்கரைகள் எல்லாவற்றையும் நகரம்தான் பராமரிக்க வேண்டும். முன்பு அந்தச் செலவு சொத்து வரியிலிருந்து போனது. சொத்து வரி சந்தை மதிப்பைப் பார்க்கிறது. ஆனால் காணியின் விலைக்கும் அதிலிருந்து ஓடும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை.

2013 ஜூலை 8 அன்று மிசிசாகாவிலுள்ள பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. எத்தனையோ வீடுகளின் பேஸ்மென்ட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. 2016 ஜனவரியிலிருந்து மிசிசாகா மழைநீருக்குத் தனிக் கட்டணம் வசூலிக்கிறது. வான்வழிப் படங்களை வைத்துக் கூரையின் பரப்பை அளந்து, வீடுகளை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். கட்டணத்துக்கான ஓர் அலகு என்பது நீர் இறங்காத கடினப் பரப்பில் 267 சதுர மீற்றர். தொடக்கத்தில் அலகுக்கு ஆண்டுக்கு 100 டொலர். வணிகக் காணிகளில் தார், கொங்கிரீட், கூரை எல்லாம் தனித்தனியே அளக்கப்படும். 26,700 சதுர மீற்றர் கடினப் பரப்புள்ள ஒரு களஞ்சியத்துக்கு 100 அலகு, அதாவது அந்தத் தொடக்கக் கட்டணத்தில் ஆண்டுக்கு 10,000 டொலர். அந்தப் பரப்பில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தாலே 6,67,500 லீற்றர் தண்ணீர் சேரும். அதனால் அந்தத் தொகை எனக்கு நியாயமாகவே படுகிறது.

குறையும் உண்டு. வீடுகளுக்குக் கூரை மட்டுமே கணக்கு. வளவு முழுக்கத் தார் போட்டவரும் பூந்தோட்டம் வைத்தவரும் ஒரே தொகைதான் கட்டுகிறார்கள்.

ரொறன்ரோவின் இன்னொரு அயல் நகரமான மார்க்கம் வேறு வழியில் போனது. அங்கே 2015இல் வீடுகளுக்கு ஒரே தொகையும், வணிக இடங்களுக்குச் சொத்து மதிப்பீட்டின்படி கட்டணமும் வந்தன. வசூலிப்பது சுலபம்தான். ஆனால் இந்த நகரங்கள் உள்ள ஒன்ராறியோ மாகாணத்தின் சொத்து மதிப்பீடு 2016 ஜனவரி 1 நிலவரத்திலேயே நிற்கிறது, தண்ணீரை அது அளப்பதும் இல்லை. ரொறன்ரோவில் குழாய்த் தண்ணீர்க் கட்டணத்திலிருந்தே மழைநீர்ச் செலவும் போகிறது. அதனால் தண்ணீரே பாவிக்காத பெரிய வாகனத் தரிப்பிடம் கிட்டத்தட்ட எதுவும் கட்டுவதில்லை. அதை மாற்றும் யோசனையை 2024இல் "மழை வரி" என்று எதிர்த்தார்கள், நகரமும் நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஜூலை 16 அன்று ரொறன்ரோவின் டொன் வேலி (Don Valley) பெருந்தெருவில் கார்கள் மூழ்கின.

கோயில் நிர்வாகங்களுக்கும் கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. இது வரியல்ல, கட்டணம். சொத்து வரிவிலக்கு இருந்தாலும் பில் வரலாம். ஆனால் மிசிசாகாவில், காணியிலேயே மழைநீரைத் தேக்கியோ வடிகட்டியோ விட்டால் வணிகக் காணிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் 50 சதவீதம் வரை கழிவு உண்டு. அது தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். தரிப்பிடத்துக்குப் புதிதாகத் தார் போட விலை கேட்கும்போதே, நீர் இறங்கும் கற்களோ ஓரத்தில் புல்வாய்க்காலோ வைக்க முடியுமா என்று ஒரு பொறியியலாளரிடம் கேளுங்கள். தார் போட்டபின் கிளறினால் செலவு கூடும்.