உப்புநீரும் அலுமினியத்தில் புதைந்த துகளும்

அலுமினியப் பாத்திரத்தில் ஊறுகாய் போட்டு வைக்கக் கூடாது என்பார்கள். வைத்தால் பாத்திரம் ஒரே சீராகத் தேயாது; ஊசியால் குத்தியதுபோல அங்கங்கே குழி விழும். கடல்நீரில் அலுமினியம் கெடுவதும் இப்படித்தான்.

காற்றுப் பட்டதுமே அலுமினியம் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் உடனே மூடிக்கொள்ளும். உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் அந்தப் படலம் நொய்ந்த இடமாகப் பார்த்து உடைக்கின்றன. அங்கே கரையும் அலுமினியம் நீரோடு வினைபுரிந்து குழிக்குள் அமிலத்தன்மையை உண்டாக்க, படலம் மறுபடி மூட வழியில்லாமல் போகிறது. அப்புறம் குழி தன்னைத்தானே தோண்டிக்கொள்ளும்.

சரி, இதில் சிலிக்கன் கார்பைடு துகளைக் கலந்தால்? தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாளில் இருக்கும் அதே துகள்தான் (பெயரில் மட்டும் உப்பு). உருகிய அலுமினியத்தைக் கலக்கிக்கொண்டே 10, 20 சதவீதம் சேர்த்து வார்த்தால், எடை அதிகம் கூடாமல் விறைப்பும் தேய்மானத்தைத் தாங்கும் திறனும் கூடும்.

துகளை உப்புநீர் ஒன்றும் செய்யாது. அப்படியானால் அரிமானம் குறையத்தானே வேண்டும்? சில சோதனைகளில் குறைகிறது, சிலவற்றில் கூடுகிறது. வம்பு துகளில் இல்லை, துகளும் உலோகமும் சந்திக்கும் ஓரத்தில் இருக்கிறது. அங்கே ஆக்சைடு படலம் அறுபடுகிறது. வார்க்கும்போது உலோகம் துகளைச் சரியாக நனைக்காவிட்டால் நுண்ணிய இடுக்கு விழுந்து உப்புநீர் தேங்கும். செம்பு கலந்த உலோகக் கலவையென்றால், செம்பு செறிந்த சேர்மங்கள் அந்த ஓரத்தில் படிந்து, சின்ன மின்கலம்போலப் பக்கத்து அலுமினியத்தைக் கரைக்கும்.

இன்னும் பொல்லாதது அலுமினியம் கார்பைடு. உருகிய அலுமினியம் அதிகச் சூட்டில் நெடுநேரம் நின்றால், சிலிக்கன் கார்பைடோடு வினைபுரிந்து துகளைச் சுற்றி இதை உண்டாக்கும். தண்ணீர் பட்டால் இது மீத்தேன் வாயுவை விட்டுச் சிதையும். துகளின் பிடி தளர்ந்துவிடும். வார்ப்புக்குச் சுமார் 9 சதவீதம் சிலிக்கன் உள்ள கலவையைத் தேர்ந்தெடுப்பது இதைத் தடுக்கத்தான்.

சிலிக்கன் கார்பைடுக்குப் பதில் வேறு துகளும் கலக்கலாம். அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) துகள் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் மின்வேதித் தொல்லை குறைவு. கிராஃபைட் நன்றாகக் கடத்தும்; கடல்நீருக்கு அதைக் கலப்பது வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொள்வதுதான்.

ஆய்வகத்தில் 3.5 சதவீத உப்புக் கரைசலில் ஊறவைத்து எடை எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். எனக்கு அந்த எண்ணில் மட்டும் நம்பிக்கை இல்லை. துகள் கலந்த அலுமினியத்தில் குழிகள் நிறைய விழுந்தாலும், பெரும்பாலும் ஆழம் குறைவு. குழாய் ஒழுக ஒரே ஓர் ஆழமான குழி போதும். அதன் எடையோ தராசில் தெரியவே தெரியாது.