அமெரிக்கத் தேர்தலுக்கு யார், எவ்வளவு பணம் கொடுக்கலாம்?

அமெரிக்க அதிபர், செனட், பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களில் ஒரு வேட்பாளருக்குத் தனிநபர் நேரடியாகத் தரக்கூடிய நன்கொடை, 2025-26 கணக்குப்படி, ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர். கட்சிக்குள் நடக்கும் முதற்கட்டத் தேர்தலும் நவம்பரில் வரும் பொதுத்தேர்தலும் தனித்தனிக் கணக்கு என்பதால் மொத்தம் 7,000 டாலர் வரை கொடுக்கலாம். ரொக்கமாக என்றால் 100 டாலர்தான். நிறுவனங்கள் வேட்பாளருக்கு ஒரு காசும் நேரடியாகத் தரக்கூடாது. இந்தத் தடை 1907 முதல் இருக்கிறது.

கொடுத்த தொகை 200 டாலரைத் தாண்டினால் உங்கள் பெயர், தொழில், வேலை செய்யும் இடம் எல்லாம் மத்தியத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வந்துவிடும். யாரும் தேடிப் பார்க்கலாம்.

அங்கே எச்1பி விசாவில் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது: நீங்கள் எந்தத் தேர்தலுக்கும் பணம் தரக்கூடாது, உள்ளூர்த் தேர்தல் உட்பட. கிரீன் கார்டு இருந்தால் தரலாம். குடியுரிமை பெற்ற நண்பரின் பெயரில் உங்கள் பணத்தைக் கொடுப்பதும் சட்டவிரோதம். சம்பளம் வாங்காமல் பிரசார வேலை செய்யத் தடையில்லை.

சரி, இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் பெரும் பணக்காரர்கள் எப்படிக் கோடிகளைக் கொட்டுகிறார்கள்? நன்கொடைக்கு வரம்பு வைக்கலாம், செலவுக்கு வைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1976இலேயே சொல்லிவிட்டது. 2010இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் 5-4 என்ற கணக்கில் இன்னொரு கதவும் திறந்தது: வேட்பாளரோடு கலந்து பேசாமல் செய்யும் தேர்தல் செலவுக்கு நிறுவனங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் வரம்பில்லை. அதே ஆண்டு வந்த வேறொரு தீர்ப்பால், இப்படி வேட்பாளரோடு கலந்து பேசாமல் தேர்தல் செலவு செய்யும் 'சூப்பர் பேக்' குழுக்கள் பிறந்தன. இவற்றுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம். 2024 தேர்தலில் டிரம்ப்பையும் குடியரசுக் கட்சியினரையும் ஆதரித்து எலான் மஸ்க் 25 கோடி டாலருக்கு மேல் செலவிட்டார். பெரும்பகுதி இந்த வழியில்தான் போனது.

மஸ்க்கின் பெயராவது தெரிகிறது. என்னை அதிகம் உறுத்துவது பெயரே தெரியாத பணம். சூப்பர் பேக் தன் நன்கொடையாளர்களைச் சொல்லியாக வேண்டும். ஆனால் கொடுத்தது ஒரு 'சமூகநல' அமைப்பு என்றால் அந்த அமைப்பின் பெயரோடு தகவல் நின்றுவிடும். அதற்குப் பணம் கொடுத்த முதலாளி யார் என்று பொதுவெளியில் சொல்லத் தேவையில்லை. 210 டாலர் கொடுத்த பள்ளி ஆசிரியரின் பெயர் ஊருக்கே தெரியும், கோடி கொடுத்தவரின் பெயர் தெரியாது. இது அநியாயம்.

விதிமீறல் என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் ஆணையத்துக்கு எழுத்துமூலம், உறுதிமொழியோடு புகார் அனுப்பலாம். ஆணையத்தில் ஆறு இடங்கள். ஒரே கட்சியினர் மூன்று பேருக்கு மேல் இருக்கக்கூடாது, விசாரணை தொடங்க நான்கு ஓட்டு வேண்டும். அதனால் பல புகார்கள் மூன்றுக்கு மூன்று என்று முடங்கிவிடுகின்றன. 2025 மே மாதத்தில் அங்கே நான்கு உறுப்பினர்கள்கூட இருக்கவில்லை.