அகநிணநீர்: உட்காதுக்குள் இருப்பது நிணநீர்தானா?

கொழும்பில் நோயைப் பற்றிப் பேசுவதென்றால் மூன்று மொழியும் கலந்துதான் வரும். தலைச்சுற்றோடு கிளினிக்குக்குப் போனவரிடம் டொக்டர் 'எண்டோலிம்ஃப்' கூடிவிட்டது என்கிறார், கூடப் போன மகள் அதை "உங்கட காதுக்குள்ள தண்ணி கூடிட்டுதாம் அம்மா" என்று சொல்லிவிடுகிறாள். அம்மா என்ன நினைப்பார்? போன ஞாயிறு வெள்ளவத்தைக் கடலில் குளித்தபோது புகுந்த தண்ணீர் என்று நினைத்து, வீட்டுக்கு வந்ததும் பஞ்சுக் குச்சியை எடுத்துக் குடையத் தொடங்குவார். அந்த நீர் வெளியிலிருந்து போனதல்ல. செவிப்பறைக்கும் நடுக்காதுக்கும் அப்பால், மண்டையோட்டின் மிகக் கெட்டியான எலும்பு ஒன்றின் உள்ளே, பிறப்பதற்கு முன்பிருந்தே உடல் தானே சுரந்து வைத்திருக்கும் நீர் அது. குச்சி அங்கே போகவும் முடியாது, போகவும் கூடாது.

உட்காதில் உண்மையில் இரண்டு நீர் இருக்கின்றன. எலும்புக்குள் வளைந்து நெளிந்து ஓடும் ஒரு குழி, அந்தக் குழிக்குள் அதே வடிவத்தில் சவ்வாலான ஒரு குழாய். குழாயின் உள்ளே இருப்பது எண்டோலிம்ஃப், குழாய்க்கும் எலும்புக்கும் இடையில் அதைச் சூழ்ந்திருப்பது பெரிலிம்ஃப். கிரேக்கத்தில் 'எண்டோன்' என்றால் உள்ளே, 'பெரி' என்றால் சுற்றி. நம் உயிரியல் பாடத்தில் அகநிணநீர், சுற்றுநிணநீர் என்று வருவது இதன் நேர்த் தமிழாக்கம்தான். 'புறநிணநீர்' என்றும் சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. அது வெளியே கிடப்பதல்ல, சூழ்ந்து நிற்பது. அதோடு, இங்கே 'அகம்' என்பது காதின் அகம் அல்ல, அந்தச் சவ்வுக் குழாயின் அகம். இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் பிள்ளைகள் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் எழுதுவார்கள்.

சரி, சிக்கல் பெயரின் பின்பாதியில், 'லிம்ஃப்' என்பதை 'நிணநீர்' ஆக்கியதில். லத்தீன் 'லிம்ஃபா' என்றால் தெளிந்த நீர், அவ்வளவுதான். அரிஸ்டாட்டில் காலம் தொட்டு உட்காதுக்குள் காற்று அடைபட்டிருக்கிறது என்றே நம்பிவந்தார்கள். 1760ஆம் ஆண்டளவில் நாப்போலியில் டொமெனிக்கோ கொட்டுன்யோ அங்கே நிறைந்திருப்பது நீர் என்று காட்டினார், 1789இல் அந்தோனியோ ஸ்கார்ப்பா உள்ளேயிருக்கும் சவ்வுக் குழாயையும் அதன் தனி நீரையும் விவரித்தார். உடலில் கண்ட தெளிந்த நீரையெல்லாம் லிம்ஃப் என்று அழைத்த காலம் அது, அந்தப் பழக்கத்தில் காதுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

தமிழில் நிணம் என்றால் கொழுப்பு. சங்கப் பாட்டில் ஊனோடு சேர்ந்து வரும் சொல். உடல் முழுதும் திசுக்களிலிருந்து வடியும் நிணநீரைச் சுமக்கும் நிணநீர்க் கலன்களுக்குக் குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்துபோகும் வேலையும் உண்டு என்பதால் அங்கே அந்தப் பெயர் அழகாகவே பொருந்துகிறது. சிங்களத்திலும் இதே கதைதான்: அவர்கள் 'வசா' என்கிறார்கள், அந்த வடசொல்லுக்கும் கொழுப்பு என்றுதான் பொருள். ஆனால் உட்காதின் நீரில் நிணமும் இல்லை, அது நிணநீர்க் கலன்களில் ஓடுவதும் இல்லை. கழுத்தில் நெறி கட்டுவதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது, பெயரைக் கேட்டால் மட்டும் இருப்பது போலத் தோன்றும்.

அகநிணநீரின் தனித்தன்மை அதன் உப்பில் இருக்கிறது. இரத்தத்தில் லீற்றருக்கு ஏறக்குறைய 4 மில்லிமோல் பொற்றாசியம் என்றால், ஒலியைக் கேட்க உதவும் உட்காதுப் பகுதியான நத்தைச்சுருளின் அகநிணநீரில் 150 அளவுக்கு இருக்கிறது, சோடியமோ மிகக் குறைவு. சூழ்ந்திருக்கும் நீர் இதற்கு நேர்மாறு. இந்த வேறுபாட்டைக் காத்து, கூடவே ஏறக்குறைய 80 மில்லிவோல்ற் மின்னழுத்தத்தையும் உடல் பிடித்து வைத்திருப்பதால்தான் அசைவை உணரும் மயிர்க்கலங்கள் சிறு அசைவையும் மூளைக்குச் சொல்ல முடிகிறது. தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் கால்வாய்களின் சவ்வுக் குழாய்களிலும் அகநிணநீர்தான் இருக்கிறது. தேநீர்க் கோப்பையைச் சட்டென்று திருப்பினால் கோப்பை சுழல, தேநீர் பின்தங்குமே, அதுபோலத் தலை திரும்பும்போது நீர் பின்தங்குகிறது, அந்தத் தள்ளலை வைத்துத்தான் நாம் திரும்புகிறோம் என்று மூளை அறிகிறது.

அப்புறம், என்ன சொல்லலாம்? பரீட்சையில் அகநிணநீர் என்றே எழுதுங்கள், பாடநூல் சொல்லை மாற்றிப் புள்ளியை இழக்க வேண்டாம். மற்ற இடங்களில் 'நிண'த்தை விட்டுவிட்டு செவி அகநீர், செவிச் சூழ்நீர் என்று எழுதலாம் என்பது என் கருத்து. இரண்டையும் சேர்த்துச் சொல்ல 'உட்காது நீர்' போதும்.

நோயாளியிடம் பேசும்போது இது இன்னும் முக்கியம். தலைச்சுற்று காதிலிருந்தும் வரலாம் என்று 1861இல் பாரிஸில் புரொஸ்பர் மெனியர் எடுத்துச் சொன்னார், அவர் பெயரால் வழங்கும் நோயில் அகநீர் மிகுந்து சவ்வுக் குழாய் புடைத்திருப்பதை 1938இல் கண்டார்கள். சுழற்றும் தலைச்சுற்று, காதில் இரைச்சல், காது அடைத்த உணர்வு, கேள்வி மந்தம் என்று வரும். அதைத் தமிழில் "உட்காதில் சுரக்கிற நீர் அதிகமாகிக் கோத்திருக்கு, குளித்த தண்ணியில்லை" என்று சொன்னால், உப்பைக் குறைக்கச் சொல்வது ஏன் என்பதும் கருவாட்டையும் ஊறுகாயையும் ஏன் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள் என்பதும் அந்த அம்மாவுக்கு விளங்கும்.